டெஸ்க்டாப்பில் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது, எல்லாம் பார்த்தாயிற்று [தீர்ந்தது]

ஊமைப்பெட்டி

வணக்கம். வீட்டில் இருப்பது டெஸ்க்டாப், விண்டோஸ் 11. தனி சவுண்டு கார்டு கிடையாது, மதர்போர்டிலேயே இருக்கும் ரியல்டெக் சவுண்டு சிப்தான். பின்பக்கப் பச்சைத் துளையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் செருகியிருக்கிறேன். நேற்று மாலை வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. இரவு ஒரு அப்டேட் ஏறியது. இன்று காலையிலிருந்து மூச்சுப் பேச்சில்லை.

செய்து பார்த்தவை: வால்யூம் முழுசாக வைத்தேன், மியூட் இல்லை. ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸோடு வரும் டிரபிள்ஷூட்டரை ஓட்டினேன், "கோளாறு எதுவும் காணப்படவில்லை" என்று சொல்லிவிட்டது. டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக்கை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். மஞ்சள் முக்கோணமும் இல்லை, சிவப்புப் பெருக்கல் குறியும் இல்லை. ஆனால் சத்தமும் இல்லை.

அப்டேட்தான் கெடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

மின்னல்வேகம்

எனக்கும் போன வருடம் இதே கதை. நேரத்தை வீணாக்காதீர்கள். முக்கியமான பைல்களை எடுத்து வைத்துக்கொண்டு சி டிரைவை பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஒரு மணி நேர வேலை.

கம்பிச்சுருள்

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறீர்களே! விண்டோஸ் போட ஒரு மணி நேரம்தான், சரி. அப்புறம் ஒவ்வொரு மென்பொருளாக ஏற்றி, பாஸ்வேர்டுகளைத் தேடி எடுத்து, பிரிண்டரை மறுபடி பேச வைக்க எத்தனை நாள்? அத்தனையும் செய்த பிறகும் சத்தம் வரவில்லை என்றால்?

ஊமைப்பெட்டி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். பாட்டு ஓடும் ஆப், எல்லா ஆப்களின் சத்தத்தையும் சேர்க்கும் விண்டோஸின் மிக்சர், சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், மதர்போர்டில் இருக்கும் சவுண்டு சிப், பின்பக்கத் துளை, ஒயர், ஸ்பீக்கர். சத்தம் இந்த வரிசையில்தான் போகிறது. நடுவில் ஓரிடத்தில் ஆளை நிறுத்தி "இங்கே வந்ததா?" என்று கேட்டால் பாதி வேலை மிச்சம்.

அந்த ஆள் விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் சவுண்டுக்குப் போய், கீழே "மோர் சவுண்டு செட்டிங்ஸ்" திறங்கள். பழைய பாணியில் ஒரு சின்ன ஜன்னல் வரும். அதில் பிளேபேக் பக்கத்தில் ஒவ்வொரு கருவியின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு மீட்டர் நிற்கும். பாட்டை ஓடவிட்டுவிட்டு அதைப் பாருங்கள். பச்சைக் கோடு ஏறி இறங்கினால், ஆப்பும் மிக்சரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்று அர்த்தம். அசையாமல் கிடந்தால் ஆப்பையோ மிக்சரையோ பார்க்க வேண்டும்.

மூன்று கேள்விகள்:
பச்சைக் கோடு அசைகிறதா?
அந்தப் பட்டியலில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன, எதில் பச்சை டிக் இருக்கிறது?
ஸ்பீக்கரை போனில் செருகிப் பார்த்தீர்களா?

பழையபைல்

பதில் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், பத்தில் எட்டு பேருக்கு மானிட்டர்தான் காரணம். எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் கேபிள்கள் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும். கிராபிக்ஸ் கார்டுக்குள் அதற்கென்றே தனியாக ஒரு சவுண்டு பகுதி இருக்கிறது. கிராபிக்ஸ் டிரைவர் புதிதாக ஏறும்போது சில சமயம் விண்டோஸ் மானிட்டரையே முதன்மைக் கருவியாக எடுத்துக்கொண்டுவிடும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது. இருந்தும் "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று சத்தத்தை வாங்கி விழுங்கிவிடும். பச்சைக் கோடு ஜோராக ஆடும், காதுக்கு எதுவும் வராது.

ஊமைப்பெட்டி

பார்த்துவிட்டேன்.

1. பச்சைக் கோடு அசைகிறது. பாட்டின் தாளத்துக்குச் சரியாக ஏறி இறங்குகிறது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது.
2. பட்டியலில் இரண்டு பெயர்கள். ஒன்று மானிட்டர், இன்னொன்று "ஸ்பீக்கர்ஸ் (ரியல்டெக்)". டிக் இருப்பது ஸ்பீக்கரில்தான். அசைவதும் அதன் கோடுதான். பழையபைல் சொன்ன மானிட்டர் விவகாரம் இல்லை.
3. ஸ்பீக்கரை போனில் செருகினேன், வீடு அதிர்கிறது. ஸ்பீக்கரும் ஒயரும் நன்றாகத்தான் இருக்கின்றன.

மின்னல்வேகம்

அப்படியென்றால் டிரைவர்தான். ரோல்பேக் கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்.

கம்பிச்சுருள்

ரோல்பேக்கில் தப்பில்லை, பார்மட்டைவிட ஆயிரம் மடங்கு மேல். டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக்கை இருமுறை தட்டினால் டிரைவர் பக்கத்தில் அந்தப் பொத்தான் இருக்கும். மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை என்று பொருள். இவர்தான் டிரைவரை நீக்கிவிட்டே மறுபடி போட்டாரே, அதனால் மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் இன்னொரு சோதனை. இப்போது சந்தேகம் டிரைவர், சிப், துளை என்ற மூன்றில் வந்து நிற்கிறது. ஒரு சாதாரண இயர்போனை எடுத்து முதலில் பின்பக்கப் பச்சைத் துளையில் செருகுங்கள். அப்புறம் கேபினெட்டின் முன்பக்க ஹெட்போன் துளையில் செருகுங்கள். இரண்டிலும் என்ன கேட்கிறது?

பெங்குவின்தாசன்

டிரைவரா ஹார்டுவேரா என்று தெரிய வேண்டுமானால் இருக்கவே இருக்கிறது உபுண்டு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் வகை. ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, "டிரை உபுண்டு" கொடுங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாது. அதில் சத்தம் வந்தால் குற்றவாளி விண்டோஸ். வராவிட்டால் ஹார்டுவேர்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. பாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், ஷட் டவுனின்போது கெர்னலின் (விண்டோஸின் உட்கரு) நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டும். டிரைவர் குழம்பியிருந்தால் அந்தக் குழப்பமும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் சுத்தமான தொடக்கம். "நான் அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் அணைத்திருக்கவே மாட்டார்கள்.

நள்ளிரவுநேயர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் சத்தப் பிரச்சினைதான், லேப்டாப்பில். ப்ளூடூத் இயர்பட்ஸில் பாட்டு அருமையாகக் கேட்கும். மீட்டிங்கில் சேர்ந்த உடனே எல்லாம் பழைய டெலிபோன் மாதிரி கரகரவென்று ஆகிவிடுகிறது. மீட்டிங் முடிந்ததும் சரியாகிவிடும். ஒருமுறை சத்தமே காணோம், அப்புறம் பார்த்தால் பக்கத்து அறையில் மூடாமல் வைத்திருந்த இயர்பட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கும் டிரைவர் மாற்ற வேண்டுமா?

பெங்குவின்தாசன்

வேண்டாம். ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, போன் பேச்சுக்கு ஒரு வழி. பாட்டு வழியில் சத்தம் ஒரு பக்கமாக மட்டும்தான் போகும், தரம் நன்றாக இருக்கும். மீட்டிங் ஆப் இயர்பட்ஸின் மைக்கைத் திறந்த அடுத்த நொடி, இரு பக்கமும் பேச வேண்டும் என்பதால் பேச்சு வழிக்கு மாறிவிடும். அப்போது ஸ்டீரியோவும் போகும், தரமும் போகும். மீட்டிங் ஆப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். இயர்பட்ஸ் கேட்பதற்கு மட்டும் என்று ஆகிவிடும், கரகரப்பு போய்விடும்.

பக்கத்து அறை சமாச்சாரத்துக்கு மருந்து, பெட்டிக்குள் போட்டு மூடுவதுதான்.

மட்டுறுத்துநர்

நள்ளிரவுநேயர், இதற்கு மேல் கேட்க இருந்தால் தனி இழை தொடங்கிவிடுங்கள். இங்கே ஊமைப்பெட்டியின் பிரச்சினை தொடரட்டும்.

ஊமைப்பெட்டி

வந்துவிட்டேன். இயர்போன் சோதனை முடிந்தது. பின்பக்கப் பச்சைத் துளையில் சத்தம் சுத்தமாக இல்லை. முன்பக்கத் துளையில் அருமையாகக் கேட்கிறது! இரண்டு காதிலும்.

ஆக டிரைவரும் நன்றாக இருக்கிறது, சிப்பும் நன்றாக இருக்கிறது, பின்பக்கத் துளை செத்துவிட்டது. சரிதானே? அப்டேட்டைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பழையபைல்

சரிதான். துளையின் சால்டர் விட்டுப் போயிருக்கும். மதர்போர்டைக் கழற்றி ஒட்டவைப்பதெல்லாம் வீட்டில் செய்யும் வேலை இல்லை. யூஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்டு அடாப்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள். விண்டோஸ் அதை ஒரு புதிய சவுண்டு கார்டாகவே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தனியாக டிரைவர்கூடத் தேவைப்படாது.

கம்பிச்சுருள்

பொறுங்கள், துளைக்குக் கருமாதி செய்துவிடாதீர்கள். சால்டர் விட்டுப் போகிறது என்றால் பெரும்பாலும் அதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போகும், ஒயரை அசைத்தால் கரகரக்கும். இரண்டு பக்கமும் ஒரே இரவில், ஒரு கரகரப்புகூட இல்லாமல் நின்றுபோனது எனக்கு உறுத்துகிறது. யாரோ வேண்டுமென்றே பின்பக்கத்தை மியூட் செய்த மாதிரி இருக்கிறது.

அந்த "யாரோ" ரியல்டெக்காகவே இருக்கலாம். பல மதர்போர்டுகளில் முன்பக்கம் ஹெட்போன் செருகினால் பின்பக்க ஸ்பீக்கர் தானாக ஊமையாகிவிடும். அப்படித்தான் அமைத்து அனுப்புகிறார்கள்.

இப்போது முன்பக்கத் துளையில் இருக்கும் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். இயர்போன், மைக் எதுவும் இருக்கக் கூடாது. பின்பக்கத்தில் ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். ரியல்டெக் ஆடியோ கன்சோல் ஆப்பைத் திறங்கள், துளைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இருக்கும். செருகியிருப்பது பளிச்சென்றும் காலியாக இருப்பது மங்கலாகவும் தெரியும். முன்பக்க ஹெட்போன் படம் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஊமைப்பெட்டி

பளிச்சென்று இருக்கிறது!!! அந்தத் துளையில் ஒன்றுமே இல்லை. டார்ச் அடித்தும் பார்த்தேன், காலி. பின்பக்கப் பச்சையும் பளிச். அதை உருவினால் மங்குகிறது, செருகினால் மறுபடி எரிகிறது. முன்பக்கம் மட்டும் என்ன செய்தாலும் அணையவில்லை.

கம்பிச்சுருள்

பிடித்தாயிற்று.

ஹெட்போன் துளைக்குள் சின்னதாக ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பிளக் உள்ளே போகும்போது ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளும், தகடு தொடும் அல்லது விலகும், "ஆள் வந்துவிட்டார்" என்ற செய்தி சிப்புக்குப் போகும். உங்கள் துளையில் அந்தத் தகடு வளைந்து தள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டது, அல்லது ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பிளக்கை உருவிய பிறகும் ஆள் போகவில்லை என்றே சிப் நம்புகிறது. முன்பக்கம் ஹெட்போன் இருக்கும்போது பின்பக்கம் எதற்கு என்று மியூட் செய்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தாலும், டிரைவரை நீக்கிப் போட்டாலும் அந்தத் தகடு அங்கேயேதானே இருக்கும்? விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தாலும் இதேதான்.

மதர்போர்டுகளில் துளையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு இன்டெலின் எச்டி ஆடியோ என்ற தரநிலை 2004இல் வந்த பிறகுதான் பரவலாயிற்று. அதற்கு முந்தையது 1997இன் ஏசி 97. அந்தக் காலத்து கேபினெட் ஒயர்கள் சத்தத்தை மட்டும் கொண்டுபோகும், ஆள் வந்த செய்தியைச் சொல்லாது. சில கேபினெட்டுகளில் ஒரே ஒயரில் இரண்டு முனை தொங்கும், ஒன்றில் ஏசி 97 என்றும் மற்றதில் எச்டி ஆடியோ என்றும் எழுதியிருக்கும். இன்றைய போர்டில் எச்டி ஆடியோ முனையைத்தான் செருக வேண்டும்.

பெங்குவின்தாசன்

என்னுடைய உபுண்டு யோசனையைச் செய்யாமல் விட்டது நல்லதாகப் போயிற்று! அதிலும் இதே வழக்கம் உண்டு. லினக்ஸில் சத்தத்தைச் சரிசெய்யும் ஆல்சாமிக்சரில் "ஆட்டோ மியூட் மோட்" என்று ஒன்று இருக்கிறது, பல போர்டுகளில் தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். உபுண்டுவிலும் பின்பக்கம் ஊமையாகத்தான் இருந்திருக்கும், "ஹார்டுவேர் போய்விட்டது, போர்டை மாற்று" என்று நாம் தீர்ப்பு எழுதியிருப்போம். ஆனால் அந்த ஆட்டோ மியூட்டை டிஸேபிள் செய்தால் பின்பக்கம் பாடும், லினக்ஸில் இந்த மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஊமைப்பெட்டி

இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நேற்று இரவு ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒயர் நாற்காலிச் சக்கரத்தில் சிக்கி, பிளக் பக்கவாட்டில் இழுபட்டு வெளியே வந்தது. ஹெட்போனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் அதோடு மறந்துவிட்டேன். அதற்கு அப்புறம்தான் அப்டேட் ஏறியது.

உறுதி செய்வது எப்படி? கேபினெட்டைத் திறந்து பழக்கம் உண்டு, ராம் மாற்றியிருக்கிறேன்.

கம்பிச்சுருள்

ராம் மாற்றியவருக்கு இது ஒன்றுமே இல்லை.

கணினியை அணைத்து, மின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, கேபினெட்டின் ஏதாவது ஓர் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முன்பக்கத் துளையிலிருந்து வரும் ஒயர் மதர்போர்டின் கீழ் ஓரத்தில், பெரும்பாலும் பின்பக்கத் துளைகள் இருக்கும் பக்க மூலையில் போய் முடியும். அங்கே எச்டி ஆடியோ அல்லது எப் ஆடியோ என்று பொடி எழுத்தில் இருக்கும், சில போர்டுகளில் ஏஏஎப்பி என்றும் போட்டிருப்பார்கள். இரண்டு வரிசையில் 9 பின் (சின்ன உலோகக் குச்சிகள்). அதே ஓரத்தில் 9 பின்னோடு யூஎஸ்பி 2.0 முனையும் இருக்கும், ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ள வேண்டாம். யூஎஸ்பி முனையில் குச்சி இல்லாத காலி இடம் வரிசையின் கடைசி மூலையில். ஆடியோ முனையில் அந்தக் காலி இடம் மூலைக்கு ஒன்று உள்ளே தள்ளி. ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் முனையைப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள்.

உருவிய பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு ஆன் செய்யுங்கள். பின்பக்கம் பாடினால் வழக்கு முடிந்தது.

மின்னல்வேகம்

அப்டேட்டும் அதே இரவில் வந்தது வெறும் தற்செயலா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கம்பிச்சுருள்

அப்டேட் வந்துகொண்டேதான் இருக்கிறது. எது கெட்டாலும் அதற்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின வாரமோ ஒரு அப்டேட் இருக்கத்தான் செய்யும். அப்டேட் சவுண்டைக் கெடுத்த சம்பவங்கள் நிஜமாகவே உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது பட்டியலிலேயே கோளாறு தெரியும். கருவியின் பெயர் காணாமல் போகும், அல்லது "ஆடியோ டிவைஸ் எதுவும் நிறுவப்படவில்லை" என்று வரும். ஒரு துளை பாடி இன்னொரு துளை ஊமையாக இருந்தால் நான் அப்டேட்டைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன்.

ஊமைப்பெட்டி

பாடுகிறது!!! முனையை உருவியதும் பின்பக்கம் பழையபடி வந்துவிட்டது. கன்சோலில் முன்பக்கப் படமும் மங்கிவிட்டது. கம்பிச்சுருள் ஐயாவுக்குப் பெரிய கும்பிடு.

ஆனால் இரவில் எனக்கு ஹெட்போன் வேண்டும், மைக்கும் முன்பக்கத்தில்தான் செருகுவேன். அந்த முனையை இப்படியே விட்டால் இரண்டும் போய்விடுமே?

கம்பிச்சுருள்

ஆமாம், இரண்டும் ஒரே ஒயரில்தான் வருகின்றன. மைக்கைப் பின்பக்க இளஞ்சிவப்புத் துளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஹெட்போனுக்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

முனையைத் திரும்பச் செருகுங்கள். ரியல்டெக் கன்சோலில் "டிவைஸ் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் இரண்டு வழிகள் காட்டும். முன்பக்கம் ஹெட்போன் செருகினால் பின்பக்கத்தை மியூட் செய் என்பது ஒன்று, இப்போது அதில்தான் டிக் இருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனி ஓடைகளாக ஒரே நேரத்தில் இயங்கட்டும் என்பது மற்றது. இரண்டாவதுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு முன்பக்கத் துளை "ஆள் இருக்கிறார்" என்று பொய் சொன்னாலும் பின்பக்கம் கண்டுகொள்ளாது.

ஒரே தொல்லை, இனிமேல் தானாக மாறாது. ஸ்பீக்கரா ஹெட்போனா என்று கீழ்மூலை வால்யூம் ஐகானில் நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாற்றுவதற்கு முன் துளையைச் சுத்தம் செய்தும் பார்க்கலாம். அணைத்த நிலையில் காற்றுக் கேனால் ஊதுங்கள், அப்புறம் பிளக்கை மெதுவாகச் செருகி உருவுங்கள், மடங்கிய தகடு சில சமயம் நிமிர்ந்துகொள்ளும். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். இருக்கிற தகடும் போய்விடும்.

பழையபைல்

முன்பக்கத் துளைகள் தனிச் சின்னப் பலகையில் இருக்கும் கேபினெட்டாக இருந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். என் யூஎஸ்பி அடாப்டர் யோசனையும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஹெட்போனுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டால் முன்பக்க ஜாக்கின் சகவாசமே வேண்டாம்.

ஊமைப்பெட்டி

ஊதிப் பார்த்தேன், ஒரு துளி பஞ்சு வந்தது, படம் அணையவில்லை. பிளக்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் ஒரு நொடி மங்கி மறுபடி எரிகிறது. தகடு வளைந்தேதான் போயிருக்கிறது. தனித்தனி ஓடை வழிக்கு மாற்றிவிட்டேன். பட்டியலில் இப்போது "ரியல்டெக் செகண்டு அவுட்புட்" என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதுதான் முன்பக்கம். ஸ்பீக்கரும் பாடுகிறது, ஹெட்போனும் பாடுகிறது. ஸ்பீக்கரில் பாட்டும் ஹெட்போனில் மீட்டிங்கும் ஒரே நேரத்தில் ஓட்ட முடிகிறது, வால்யூம் மிக்சரில் ஆப் வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். இது எனக்கு வேண்டியிருந்த வசதிதான், இருப்பதே தெரியாது.

நள்ளிரவுநேயர்

இதைப் படித்ததும் ஒரு சந்தேகம், கடைசி ஒன்று. என் அக்காவின் லேப்டாப்பில் ஹெட்போன் செருகினால் கேட்கிறது, உருவினால் ஸ்பீக்கர் வருவதில்லை. ஒரே துளைதான். அதுவும் இதே நோயா?

கம்பிச்சுருள்

பெரும்பாலும் இதேதான். உருவிய பிறகும் வால்யூம் ஐகானில் ஹெட்போன் என்றே காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காட்டினால் பிளக்கைச் செருகி உருவிப் பார்க்கட்டும். அதற்கும் மசியாவிட்டால் உள்ளே துளையை மாற்ற வேண்டும். சில லேப்டாப்களில் அது தனிச் சின்னப் பலகையில் இருக்கும், வேலை சுலபம். மதர்போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் கொஞ்சம் செலவாகும். அதுவரை யூஎஸ்பியிலோ ப்ளூடூத்திலோ ஒரு ஸ்பீக்கரை வைத்து ஓட்டட்டும்.

மட்டுறுத்துநர்

தலைப்பில் "தீர்ந்தது" சேர்த்துவிட்டேன். தேடி வருபவர்களுக்குக் கிடைக்கட்டும் என்று முன்பக்க ஜாக், பின்பக்கம் மியூட் என்ற குறிச்சொற்களும் போட்டிருக்கிறேன்.